நூற்றுக்கு ஐந்து ஃபெயில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்தது சிதம்பரம். கல்யாணமாகி டர்பனுக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. இங்கே ஓர் ஆய்வகத்தில் விந்து மாதிரிகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. "என்ன வேலை?" என்று கோயிலில் யாராவது கேட்டால் "லேப்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குழந்தையின்மைக் கட்டுரையைக் கோயில் மடப்பள்ளித் தம்பி போனில் கொண்டுவந்து காட்டினார். விந்தில் இயல்பான வடிவமுள்ள உயிரணுக்கள் 14 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆண் மலடு என்று அதில் ஒரு வரி. வேறு ஆய்வகத்தில் எடுத்த அவருடைய ரிப்போர்ட்டில் 5.

"நூத்துக்கு அஞ்சு மார்க்கு, அக்கா. வீட்ல எப்படிச் சொல்றது?"

35 எடுத்தால்தான் பாஸ் என்று வளர்ந்தவர் வேறு எப்படிப் படிப்பார்? அவர்மேல் தப்பில்லை. உங்கள் கட்டுரைமேல்தான் எனக்கு வருத்தம்.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கேப்டவுன் டைகர்பெர்க் மருத்துவமனையின் டீனஸ் க்ரூகர் சகாக்களோடு 1986-ல் வெளியிட்ட ஆய்வில் வந்த எண் அது. சோதனைக்குழாய் முறையில் முட்டையையும் உயிரணுவையும் தட்டில் சேர்த்துவைத்தால் எந்த மாதிரிகளில் நன்றாகக் கருக்கட்டுகிறது என்பதுதான் அவர்கள் பார்த்தது. இயல்பாகக் கருத்தரிக்கும் தம்பதிகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இரண்டு வருஷம் கழித்து 1988-ல் வந்த ஆய்வில் அவர்களே 14-க்குக் கீழே இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 4 முதல் 14 வரை உள்ளவர்களுக்குப் பரவாயில்லை, 4-க்குக் கீழேதான் சிரமம் என்று தெரிந்தது. உங்கள் கட்டுரையாளர் முதல் ஆய்வோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது.

இந்த எண் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பது எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, குறைந்தது 200 உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தலை நீள்வட்டமாக, ஓரம் மழமழவென்று இருக்க வேண்டும். தலையின் முன்பக்கத் தொப்பி 40 முதல் 70 சதவீதம் வரை மூடியிருக்க வேண்டும். கழுத்து தடித்திருந்தாலும் வால் சுருண்டிருந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான். கொஞ்சம் சந்தேகம் வந்தாலே கழித்துவிடு என்பதுதான் டைகர்பெர்க் முறையின் கண்டிப்பு. மாப்பிள்ளை பார்க்கும் அத்தைகள்கூட இவ்வளவு குறை சொல்லமாட்டார்கள். இந்த அங்கலட்சணத்தை யாரும் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. உறவுக்குப் பின் கர்ப்பப்பை வாயின் சளியைக் கடந்து மேலே போய்ச் சேர்ந்திருந்த உயிரணுக்களைப் பார்த்துத்தான் வகுத்தார்கள். பெண்ணுடம்பு வடிகட்டி உள்ளே விட்டவை அவை. அந்த அளவுகோலில் பெரும்பாலானவை தேறாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

2010-ல் உலக சுகாதார நிறுவனம் இயல்பான வடிவத்துக்குக் கீழ்வரம்பாக 4 சதவீதம் என்ற எண்ணை வைத்தது. கல்யாணமாகி ஏங்கிக்கொண்டிருப்பவர்களிடம் எடுத்த கணக்கு இல்லை அது. ஒரே வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசைப்படுத்தி, கடைசி 5 சதவீதத்துக்கு மேலே போட்ட கோடு. கோட்டுக்குக் கீழே நிற்பவர்களும் அப்பாக்கள்தான்! 2021 பதிப்பிலும் அதே 4.

இன்னொரு விஷயம், இது கட்டுரையாளருக்கு மட்டும் இல்லை. ஆணின் விந்தைப் பற்றிய கட்டுரைக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டிருந்தீர்கள். இந்தத் தம்பியின் மனைவிக்கு இரண்டு வருஷத்தில் நாலு ஸ்கேன், குழாய் அடைப்பு பார்க்கச் சாயம் ஏற்றி ஒரு எக்ஸ்ரே, புரட்டாசி முழுக்க விரதம், போதாததற்கு மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய லேகியம். சாயம் ஏற்றிய அன்று வலியில் சுருண்டு படுத்தாளாம். தம்பிக்கு முதல் பரிசோதனை நடந்தது போன மாதம். இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்து மூடி போட்ட சின்ன டப்பாவில் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான், ஊசிகூடக் கிடையாது.

அடுத்த இதழில் அந்த எண்ணைத் திருத்தி ஒரு பெட்டிச் செய்தி போட்டால் போதும். மலடு என்ற சொல்லையும் அப்படியே எடுத்துவிடுங்கள்.

தம்பியின் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஓட்டம் மட்டும் கொஞ்சம் மந்தம். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் வேலையா என்று டாக்டர் கேட்டாராம். கேட்க வேண்டியதுதான், விரைக்குச் சூடு ஆகாது. ஓர் உயிரணு உருவாகி வரவே இரண்டரை மாதம் ஆவதால், பொறுத்து இன்னொரு மாதிரி கொடுக்கச் சொன்னார்கள். ஆடிக் கஞ்சிக்கு அண்டா ஏற்றுவதற்கு முன்னால் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம். என் பெயர் தெரிந்தால் எந்தக் கோயில், எந்தத் தம்பி என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.)