அந்தக் கடைசிப் பத்தியைத் திரும்ப ஒட்டு

அன்புள்ள முரளி,

உன் மடல் கிடைத்தது. பத்து வருடமாக உன் கணினிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த அந்தத் தேதி நிரலை ஒருவழியாக வெளியிட்டுவிட்டாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் நிரலை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கிற எம்ஐடி உரிமத்தைப் போட்டுவிட்டு, 'எந்த உத்தரவாதமும் இல்லை, நஷ்டத்துக்கு நான் பொறுப்பில்லை' என்று முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) சொல்லும் அதன் கடைசிப் பத்தியை மட்டும் 'யாரோ கத்துவது மாதிரி இருக்கிறது' என்று வெட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அது கத்தல் இல்லையடா. அமெரிக்க வணிகச் சட்டத்தொகுப்பில் 2-316 என்று ஒரு பிரிவு உண்டு. அங்கே வியாபாரி ஒருவர் பொருளை விற்றால், வாய் திறக்காவிட்டாலும் 'இது வழக்கமான உபயோகத்துக்கு ஆகும்' என்ற உத்தரவாதம் தானாக ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாமென்றால் வெளிப்படையாக மறுக்க வேண்டும், எழுத்தில் மறுத்தால் அது பளிச்சென்று கண்ணில் பட வேண்டும். அதனால்தான் அத்தனையும் பெரிய எழுத்து. (தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, நம் வக்கீல்கள் பாடு திண்டாட்டம்தான்.) இலவசமாகக் கொடுப்பது விற்பனையா என்று நீ கேட்பாய், நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் நின்று பதில் தேட யாருக்கு ஆசை? தவிர, அந்தப் பத்தி போனால் அது எம்ஐடி உரிமமே இல்லை.

உத்தரவாதமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஜிபிஎல் என்ற இன்னொரு மென்பொருள் உரிமத்தின் 1991இல் வந்த இரண்டாம் பதிப்பு, கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக, நீ எழுதியிருந்தாயே, உன் நிரலைச் சும்மா எடுத்துக்கொண்டுபோய்த் தன் சரக்கில் சேர்த்துவிட்டு உன்னிடம் நஷ்ட ஈடு பற்றிப் பேசுகிற அந்த நிறுவனத்திடம், உத்தரவாதம் வேண்டுமானால் தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம் என்று நேராகச் சொல். ஐரோப்பாவின் 2024ஆம் ஆண்டுப் பொருள் பொறுப்பு விதியும் ஏறக்குறைய இதே வழிதான்: வணிக நோக்கமில்லாமல் தரும் திறமூல மென்பொருளை (மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவைப்பது) விட்டுவிடுகிறது, அதைச் சேர்த்துப் பொருளாக விற்பவரைப் பிடிக்கிறது.

அதற்காக அந்தப் பத்தி எல்லாவற்றுக்கும் கவசம் என்று நினைத்துவிடாதே. தெரிந்தே நாசவேலை செய்தால் காப்பாற்றாது, வேண்டுமென்றே செய்த தீங்குக்கு முன்கூட்டியே விலக்கு வாங்க ஜெர்மனி மாதிரியான நாடுகளின் சட்டம் விடாது. நீ அப்படிப்பட்டவன் இல்லை, சரி.

அப்புறம், உன் நிரலை ஓட்டிப் பார்த்தேன். 1900 பிப்ரவரி 29ஐக் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறது, அந்த வருடம் லீப் வருடமே இல்லையப்பா. கேஸ் போடமாட்டேன், பயப்படாதே, சரிசெய்துவிட்டு எழுது.

அன்புடன்,
சேகர்