யூர்ட்டைக் கட்டுகிற வரிசையில் வரையச் சொல்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, மறுபடி பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிறார்.

ஓவியர் க்லூதவின் படங்களை வைத்துப் பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடு. நிக்கோலாய் க்லூதவ் (1850–1935) ரஷ்யர். கஸாக்ஸ்தானின் இன்றைய அல்மாட்டி நகரம், வெர்னி என்ற பெயரில் சின்ன ஊராக இருந்த காலத்தில் அங்கே போய், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், வயதான பிறகும் பட்டறை வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். 1929 முதல் 1931 வரை அவரிடம் படித்தவர்தான் அபில்கான் கஸ்தேயெவ். அல்மாட்டியின் பெரிய கலை அருங்காட்சியகம் இன்று அந்த மாணவர் பெயரில் இருக்கிறது. வாத்தியார் படங்களும் அதற்குள்ளேதான்!

க்லூதவிடம் துணிச்சலான தூரிகையைத் தேடாதே, கிடைக்காது. அவர் பலம் விவரத்தில்: கல்யாணமான பெண்ணின் வெள்ளைத் தலைத்துணி, சேணத்தின் வார், கஸாக் நாடோடிகளின் வட்டக் கூடாரமான யூர்ட்டின் கயிறு. அதனால்தான் பாடத்துக்கு அவர் ஏற்றவர்.

பிள்ளைகள் யூர்ட்டை, அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல வரைந்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, கட்டுகிற வரிசையிலேயே வரையச் சொல்வது. முதலில் கதவுச் சட்டம். அதை ஒட்டி வட்டமாக 'கெரெகெ', அதாவது வில்லோ மரக் கழிகளைத் தோல்வாரால் முடிந்து, விரித்து மடக்கும்படி செய்த குறுக்குச் சட்டச் சுவர். சுவரைச் சுற்றி நெய்த பட்டை. பிறகு 'ஷானிராக்' என்ற உச்சி வளையத்தைக் கவைக்கோலால் நடுவில் தூக்கிப் பிடித்து, 'உயிக்' எனும் கூரைக்கழிகளை அதில் செருகி, கீழ்நுனியைக் கெரெகெயில் கட்டுவார்கள். கடைசியில் கோரைப்பாயும், நெய்யாமல் அழுத்திச் செய்த ஃபெல்ட் கம்பளியும், மேலே கயிறும். வெயில் காலத்தில் சுவர் ஃபெல்ட்டின் அடியைச் சுருட்டி விடுவதால் உள்ளே இருக்கும் பாய் தெரியும். பிள்ளைகள் விட்டுவிடுகிற இடம் அது.

இணையத்தில் மாதிரி தேடினால் பாதிக்குமேல் மங்கோலியக் கூடாரம்தான் வரும், கவனம். அதில் கழிகள் நேராக இருப்பதால் கூரை தட்டையான கூம்பாக இருக்கும். நடுவில் இரண்டு கால்கள் நிற்கும். கஸாக் கழி கீழே வளைந்து மேலே நேராகும், அதனால் தோள் உருண்டிருக்கும். சாதாரண வீட்டில் நடுக்கால் கிடையாது. உச்சி வளையத்தில் ஆரக்கால்களுக்குப் பதிலாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைந்த கம்புகள்.

அளவு சொல்கிறேன். சுவர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், உச்சி மூன்று மீட்டர், குறுக்களவு ஐந்தாறு மீட்டர். ஆக, அகலம் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கதவும் தாழ்வு; பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். தொடுவானக் கோடு நிற்பவர் கண் மட்டத்தில் வருவதால், சமவெளியில் எவ்வளவு தூரத்து யூர்ட்டானாலும் கூரை தொடங்கும் விளிம்பு அந்தக் கோட்டை ஒட்டியே, கிட்டத்தட்ட நேர்கோடாக அமையும். அடிவட்டம்தான் நன்றாக வளையும். உச்சித் துளையை நீள்வட்டமாகத் திறந்து காட்டினால் தப்பு. தரையில் நிற்பவனுக்கு அது தெரியாது, மலைச்சரிவிலிருந்து பார்த்தால்தான் தெரியும். குதிரைக்கும் இதே கணக்குதான். அந்த ஊர்க் குதிரை தோள் உயரம் 1.4 மீட்டர் அளவு, கால் கட்டை, தலை பெரிது. அரபுக் குதிரை மாதிரி கழுத்தை வளைத்து நீட்டினால் படமே பொய்யாகிவிடும்.

வண்ணத்துக்கு வரும்போது கறுப்பு டியூபைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடு. ஃபெல்ட்டின் நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் போதும். சுவரின் அடிப்பகுதியில் காய்ந்த புல்லின் மஞ்சள் எதிரொளிக்கும். அங்கே நீலத்தைக் குறைத்துக் கொஞ்சம் ஓக்கர் என்ற மண் மஞ்சள் சேர்க்க வேண்டும். வாட்டர்கலர் என்றால் தாளின் வெள்ளையை விட்டுவைப்பதே வெள்ளை. பின்னால் அல்மாட்டியை ஒட்டிய அலாதாவ் மலை வந்தால் தூரம் என்பதற்காக ரொம்ப மங்கலாக்க வேண்டாம். காற்று வறண்டது, பனிக்கோடு கூர்மையாகத் தெரியும். அடிவாரத்தைத்தான் கொஞ்சம் கரைக்க வேண்டும்.

கஸ்தேயெவை இரண்டாம் பருவத்துக்கு வை. வாத்தியார் வெளியிலிருந்து வந்து பார்த்த வாழ்க்கையை இவர் உள்ளேயிருந்து வரைந்தார். துர்கெஸ்தானையும் சைபீரியாவையும் இணைக்கும் துர்க்சிப் ரயில் பாதை போட்டபோது அதில் வேலை செய்தவர். பின்னாளில் அந்த ரயிலையே வரைந்தார். அவருடைய நிறம் பளிச்சென்று இருக்கும், உருவங்கள் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அந்த விறைப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அளவு கைவராத பிள்ளைகள் முதலிலேயே அதைப் பார்த்தால் தங்கள் தப்புக்குச் சாக்காக எடுத்துக்கொள்வார்கள்.

மாதிரிப் படங்களை மொபைலில் காட்டாமல் பளபளப்பில்லாத மேட் தாளில் பிரிண்ட் போட்டுக் கொடு. திரையில் ஃபெல்ட்டின் வெள்ளை நீலமடித்துத் தெரியும். பிள்ளைகள் அந்த நீலத்தையே கலந்துவைப்பார்கள்.

அன்புடன்,
கதிர்