எழுதிட்டுத் திருப்பிச் சொல்லு

அன்புள்ள பாப்பா,

பார்சல் வந்திருக்கும். மாவடு டப்பாவை நிமிர்த்தி வை, எண்ணெய் கசியும். என் மெசேஜ்ல டிக் நீலமாயிடுச்சு, பதில்தான் இல்லை. வார்டுல இருந்திருப்பே.

ஹவுஸ் சர்ஜன் வருஷத்துல ஊசியும் தையலும் கைக்குத் தானா வந்துடும். காது பழகத்தான் நாளாகும். சீனியர் போன்ல ஆர்டர் சொன்னா முதல்ல எழுது. எழுதினதைப் பார்த்துத் திருப்பிப் படி. அவர் "சரி"ன்னு சொன்ன பிறகு போனை வை. மனசுல இருக்கிறதைச் சொன்னா, கேஸ் ஷீட்ல கை தப்பா எழுதினது தெரியாமலே போயிடும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போன்ல ஒண்ணாத்தான் கேக்கும். "ஒன் ஃபைவ்"னு இலக்கமாச் சொல்லு. டோபமின், டோபுடமின்னு ஒண்ணுபோலக் கேக்குற மருந்துப் பேர் வந்தா எழுத்துக்கூட்டிக் கேளு. எரிஞ்சு விழுந்தாலும் கேளு.

ஓ.பி.யில குறுக்கே பேசாதே. 1984-ல அமெரிக்காவுல 74 பேரோட கன்சல்டேஷனைப் பதிவு பண்ணிப் பார்த்தாங்க. டாக்டர் குறுக்கிட சராசரியா 18 செகண்ட்தான் ஆச்சு. 2002-ல வந்த சுவிட்சர்லாந்து ஆய்வுல 335 பேரைத் தடுக்காம பேச விட்டாங்க. சராசரி 92 செகண்ட்ல அவங்களே முடிச்சுட்டாங்க. வரிசை வெளியே வரை நிக்கும்னு சொல்லுவே. ஒன்றரை நிமிஷம்தானே, கொடு.

நம்ம ஜனங்க சொல்ற வார்த்தையை உடனே இங்கிலீஷாக்கிடாதே. "மயக்கமா வருது"ன்னா தலை சுத்தலா, கண் இருட்டலா, வெறும் அசதியா? "இழுப்பு"ன்னா ஒரு வீட்டுல மூச்சிரைப்பு, இன்னொரு வீட்டுல வலிப்பு. "நெஞ்சு கரிக்குது"ன்னு சர்க்கரைக்காரர் சொன்னா வெறும் வாயுன்னு எழுதி அனுப்பிடாதே. எங்கேன்னு கையை வச்சுக் காட்டச் சொல்லு, வந்த பத்து நிமிஷத்துக்குள்ள இ.சி.ஜி. எடு. பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும்.

எழுந்து கதவுகிட்டப் போனவங்க திரும்பி, "இன்னொண்ணு டாக்டர்"னா பேனாவை மூடாதே. பல நேரம் அவங்க வந்ததே அதுக்காகத்தான். அந்தச் சலிக்காத குணம் உன்கிட்ட சின்ன வயசுலேயே உண்டு. ஆச்சி சொன்னதையே சொன்னாலும் உக்காந்து கேப்பியே. மறுபடியும் சொல்றேன், எழுதிட்டுத் திருப்பிச் சொல்லு.

முப்பத்திரண்டு வருஷம் வார்டுல எல்லாரையும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை உன்னை நான் கேக்கல பாப்பா. நீ பேசப் பேச, "எல்லாரும் அப்படித்தான், சாப்பிட்டியா"ன்னு முடிச்சுட்டேன்.

நீ சொன்னதை எழுதிட்டேன், படிக்கிறேன். நைட் டூட்டி முடிஞ்சு வந்தாலும் தூக்கம் வரல. குளிக்கும்போது அழுகை வருது. ஊருக்கு வரணும்போல இருக்கு.

சரியா எழுதியிருக்கேனா? விட்டுப்போனது இருந்தா சொல்லு.

அம்மா