கடல் உள்வாங்கும் வரை காத்திருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுதோறும் டிசம்பர் 26 நெருங்கும்போது நாளிதழ்களில் சுனாமிக் கட்டுரைகள் வருகின்றன. 'கடல் உள்வாங்கினால் சுனாமி வரும், ஓடுங்கள்' என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கிறது. உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது சரிதான். ஆனால் படிப்பவர் அதிலிருந்து, உள்வாங்காவிட்டால் பயமில்லை என்றும் முடிவு கட்டிக்கொள்கிறார். இது உயிருக்கே உலை வைக்கும்.

ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் செருகும் இடத்தில், மேலே இருக்கும் தட்டின் விளிம்பு நூற்றாண்டுக் கணக்கில் சிக்கிக்கொண்டு வளைகிறது. பிடி விட்டதும் அந்த விளிம்பு மேலே துள்ளும். அதற்குப் பின்னால் உள்ள தரை கீழே இறங்கும். மேலிருக்கும் கடல்நீரும் அதே வடிவத்தில் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் ஆகிவிடும். மேட்டைப் பார்த்த கரையில் முதலில் நீர் ஏறும், பள்ளத்தைப் பார்த்த கரையில் முதலில் நீர் வற்றும். 2004-இல் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குத் தட்டு உடைந்தபோது, கிழக்கே தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இந்தியா, இலங்கைக் கரைகளுக்கு முதலில் வந்தது ஏற்றம்தான். அங்கே பலர் பார்த்த உள்வாங்கல் இரண்டு அலைகளுக்கு இடையில் நடந்தது.

நிலநடுக்கத்தின் எண்ணை மட்டும் வைத்தும் எடை போட முடியாது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு அருகே 8.6 அளவில் நடுக்கம் ஏற்பட்டது. பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன. கடலடி பெரிதாக உயரவில்லை. சிறு அலைகளோடு முடிந்தது. ஜப்பானின் சன்ரிகு கரையில் 1896 ஜூன் 15 அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. நடுக்கம் மெதுவாக, ஆனால் நீண்ட நேரம் இருந்தது. வீடு எதுவும் இடியாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. சுமார் 35 நிமிடத்தில் வந்த அலைகளில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்தனர். ஆகவே கரையோரத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியது ஆட்டம் எவ்வளவு பலமாக இருந்தது என்பதோடு, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும்தான். 20 நொடிக்கு மேல் நீடித்தால், மென்மையாக இருந்தாலும், சைரனுக்குக் காத்திராமல் கிளம்ப வேண்டும். 2018 டிசம்பரில் இந்தோனேசியாவின் அனாக் கிரகட்டாவ் எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்தபோது எச்சரிக்கும் அளவுக்கு நில அதிர்வே இல்லை. 400 பேருக்கு மேல் பலியாயினர்.

கட்டுரைகளோடு அச்சாகும் படங்களையும் சொல்ல வேண்டும். சுருண்டு விழும் ஒற்றைப் பேரலையையே வரைகிறார்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமியின் வேகம் மணிக்கு சுமார் 700 கி.மீ.; 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ. நடுக்கடலில் முகட்டுக்கு முகடு 200 கி.மீ. இருந்த அலை கரையருகே 10 கி.மீ.யாக நெருங்கி, அதனால் உயர்கிறது. ஆனாலும் அது 10 கி.மீ. நீளமுள்ள நீர். வந்து மோதியதும் திரும்பிவிடாது. வெள்ளம்போல் நிமிடக் கணக்கில் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும்.

முதல் அலை போனதும் மக்கள் கரைக்குத் திரும்பி வருவதும் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. 1960 மே மாதம் சிலியில் 9.5 அளவு நடுக்கம். ஹவாய் தீவின் ஹிலோ நகருக்கு மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது. மாலையிலேயே சைரன் ஒலித்தது. நள்ளிரவுக்குப் பின் வந்த முதல் அலை சிறியது. இரண்டாவது அதைவிடப் பெரியது. பிறகு நீர் பின்வாங்கி, 1.04 மணிக்குச் சுவர்போல் எழுந்துவந்த அலை 61 பேரைக் கொண்டுபோனது. 1964-இல் கலிஃபோர்னியாவின் கிரசன்ட் சிட்டியிலும், அடங்கிவிட்டது என்று நம்பித் திரும்பியவர்களை நான்காவது அலை பிடித்தது. அலைகளுக்கு இடைவெளி 10 நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம்.

அடுத்த சிறப்புப் பக்கத்தில் பின்வரும் வரிகளை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீண்ட ஆட்டம், கடலிலிருந்து வரும் வழக்கமில்லாத இரைச்சல், நீர் திடீரென ஏறுவது அல்லது வற்றுவது – இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். உடனே நடந்தே 30 மீட்டர் உயரத்துக்கோ, மேடு இல்லாவிட்டால் கடலிலிருந்து 3 கி.மீ. உள்ளேயோ செல்லுங்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை, எத்தனை மணி நேரமானாலும், இறங்காதீர்கள். கட்டிவைத்த படகை மீட்கக் கரைக்கு ஓடாதீர்கள். ஏற்கெனவே ஆழ்கடலில் இருக்கும் படகுகள் அங்கேயே நிற்கட்டும். அங்கே அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது, துறைமுகத்துக்குள்தான் அது படகைப் புரட்டும். ஜப்பானிய மொழியில் 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்