விமானக் கதவு மூடிய பிறகு வரும் அரை மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறும் பெற்றோர் இன்று நம் ஊர்களில் ஏராளம். இவர்களில் சிலருக்கு உயரத்தைக் கண்டு பயமில்லை, விபத்தை நினைத்தும் பயமில்லை. கதவை மூடுவதுதான் பயம். 'மூச்சு முட்டுது, என்னை இறக்கி விடுங்க' என்று எழுந்து நிற்பார்கள். கிளாஸ்ட்ரோஃபோபியா எனப்படும் இந்த அடைபட்ட இட அச்சத்தை, 'சாமியைக் கும்பிட்டுட்டுக் கண்ணை மூடிக்க' என்ற ஒரு வரியில் முடித்து அனுப்பிவைக்கிறோம். அது போதாது. உரிய விவரங்கள் முன்கூட்டியே தெரிந்தால் பலரால் நிம்மதியாகப் பயணம் செய்ய முடியும்.

பறப்பதற்குப் பயப்படுபவருக்கு விமானம் மேலெழும்போதும் குலுங்கும்போதும்தான் கஷ்டம். அடைபட்ட இடத்துக்குப் பயப்படுபவருக்கோ கதவு மூடியது முதல் ஓடுபாதையில் வேகமெடுக்கும் வரைதான் உச்சம். விமானம் தரையிலேயே நிற்கும் அந்த நேரம் 15 நிமிடமாகவும் இருக்கலாம், வரிசையில் காத்திருந்தால் 40 நிமிடமாகவும் ஆகலாம். ஆகவே தயாரிப்பு முழுவதும் அந்த நேரத்தைக் குறிவைத்தே இருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் காற்று தீர்ந்துவிடுமோ என்பது. தீராது. பறக்கும் விமானத்தில் உள்ளே இருக்கும் காற்று 2 அல்லது 3 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து புதிதாக வருவது, மீதி நுண்ணிய தூசி, கிருமிகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகச் சுத்தமாகித் திரும்புவது. உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஊட்டி சுமார் 7,350 அடி, தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் மூச்சு ஏன் முட்டுகிறது? பயந்ததும் நாம் வேகவேகமாக, மேல் நெஞ்சால் மூச்சு வாங்குகிறோம். அதனால் ஆக்சிஜன் குறைவதில்லை. இரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடுதான் அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. விரல் நுனி மரத்துப்போவது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பது, தலை சுற்றுவது, நெஞ்சு இறுகுவது எல்லாம் அதன் விளைவு. அதை 'காற்று பத்தவில்லை' என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுக்கிறோம், நிலைமை மோசமாகிறது. 'நல்லா மூச்சை இழுத்து விடு' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது இந்த இடத்தில் கெடுதலே. செய்ய வேண்டியது மூச்சை மெதுவாக்குவது. வயிற்றில் கை வைத்து, மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து 6 எண்ணும் வரை விடவேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். குறைந்தது 5 நிமிடம் விடாமல் செய்ய வேண்டும். இதைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே காலை, மாலை வீட்டில் பழக வேண்டும். பதற்றத்தின் நடுவில் புதிதாகக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

கதவு மூடிய பிறகு நடக்கும் சில விஷயங்கள் தெரியாதவரைத் தூக்கிவாரிப் போடும். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் விமானம் நிற்கும்போது மேலே உள்ள ஏசி துவாரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கும். அது புகை இல்லை. ஈரக்காற்றில் குளிர்காற்று கலக்கும்போது உண்டாகும் பனிமூட்டம். வாசனை இருக்காது, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். தரையில் நிற்கும்போது ஏசிக்கான காற்று பெரும்பாலும் வாலில் உள்ள சிறிய என்ஜினிலிருந்து வருவதால் உச்சி வெயிலில் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும். சில சமயம் மேலெழும்போது முழு விசையும் என்ஜினுக்குக் கிடைப்பதற்காக ஏசியைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பார்கள். தலைக்கு மேல் காற்று நின்றுபோவது அந்த ஓரிரு நிமிடம்தான். ஏர்பஸ் 320 ரகத்தில் காலுக்கடியில் ரம்பம் அறுப்பது போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும், அதுவும் வழக்கமானதே. உட்கார்ந்தவுடன் தலைக்கு மேல் உள்ள காற்றுக் குமிழைத் திருகித் திறந்து முகத்துக்கு நேரே திருப்பிவிடுங்கள். முகத்தில் காற்று படுவது பாதிப் பதற்றத்தை அடக்கும்.

சீட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பணம் கட்டியாவது முன் வரிசைகளில் நடைபாதை ஓர சீட்டை எடுங்கள். மூன்று மூன்றாக இருக்கும் வரிசையில் நடு சீட் இவர்களுக்கு ஆகவே ஆகாது. சிறிய நிலையங்களுக்குப் போகும் ஏடிஆர் 72 ரகத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்னால் இருக்கிறது, அதில் பின்வரிசைதான் வசதி. சிலருக்கு வெளியே பார்த்தால் நெஞ்சு லேசாகும், அவர்கள் ஜன்னல் சீட் எடுக்கலாம். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் அங்கே உட்காருபவர் ஆபத்தில் பணியாளருக்கு உதவ வேண்டியிருக்கும் என்பதால் பதற்றம் உள்ளவர் அதைத் தவிர்ப்பதே முறை. கைப்பையைச் சிறியதாக வைத்துக்கொண்டு, போர்டிங் பாஸில் உள்ள கேட் மூடும் நேரத்துக்குள் கடைசி ஆட்களில் ஒருவராக ஏறுங்கள். இறங்கும்போதும் விமானம் நின்றதும் எழுந்து கூட்டத்தில் நெருக்கியடிக்க வேண்டாம், நடைபாதை காலியாகும் வரை உட்கார்ந்திருங்கள்.

கழிப்பறையைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அந்தச் சின்ன அறையில் அடைபடப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் இருக்கிறார்கள். விமானத்துக்குள் காற்று வறண்டது. நாக்கு வறண்டு தலைவலி வந்தால் பதற்றம் கூடும். மடியும் கதவை வெளியிலிருந்து திறக்க நடுவில் கை வைத்துத் தள்ள வேண்டும். உள்ளே தாழ் போட்டாலும் பணியாளரால் வெளியிலிருந்து திறக்க முடியும். இதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயம் பாதி குறையும்.

பழக்கமே பெரிய மருந்து. லிப்டில் ஒரு மாடி, பிறகு ஐந்து மாடி. அடுத்து சென்னையில் இருப்பவர்கள் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் சைதாப்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை வரையுள்ள சுரங்கப் பகுதியில் பழகலாம். முதல் நாள் ஒரு நிலையம், அது சலித்துப்போன பிறகு மூன்று, பிறகு முழுதும். பயத்துக்கு 10க்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, அது பாதியாகும் வரை இறங்காமல் இருக்க வேண்டும். பயம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானே இறங்கத் தொடங்கும். உச்சியில் இருக்கும்போது இறங்கி ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பதிவு செய்துகொள்ளும், அடுத்த முறை இன்னும் கடினமாகும்.

மாத்திரை பற்றி எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் தந்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது. வயதானவர்களுக்குத் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். மருத்துவர் எழுதித் தந்தாலும் ஒருமுறை வீட்டில் போட்டுப் பார்த்த பிறகே பயணத்தில் பயன்படுத்துங்கள். ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இவ்வகை மாத்திரைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. முன் அனுமதி தேவையா என்று விசாரித்து, மருந்துச் சீட்டோடு கொண்டுபோக வேண்டும். ஏறுவதற்கு முன் காபியையும் தவிர்க்கலாம், அதனால் வரும் படபடப்பும் பயம் போலவே தோன்றும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவருக்கு நெஞ்சுவலி, மூச்சிரைப்பு வந்தால் பயம் என்று ஒதுக்காமல் உடனே பணியாளரை அழைக்க வேண்டும்.

ஏறும்போதே பணியாளரிடம், 'எனக்கு அடைபட்ட இடம்னா பயம், கதவு மூடினதும் கொஞ்சம் பதறும்' என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உடன் வருபவர் 'பயப்படாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்வதை விட்டு, மெதுவான குரலில் மூச்சை எண்ணிக் கொடுத்தால் போதும். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அழைக்கலாம்.

விமான நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏறிய பிறகு நெடுநேரம் தாமதமானால் பயணிகளை மீண்டும் இறக்கிவிட, சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு 2024-ல் வழி செய்திருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தில் செய்ய வேண்டியது எளிது. கதவு மூடி 10 நிமிடத்துக்கு மேல் விமானம் நகராவிட்டால், ஏன் நிற்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் ஆகும் என்பதைத் தமிழகத்திலிருந்து புறப்படும் விமானங்களில் தமிழிலும் அறிவிக்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் 'அடுத்த 10 நிமிடத்தில் மீண்டும் சொல்கிறோம்' என்றாவது சொல்லி, சொன்னபடி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்,
சென்னை