ஒரு மணி நேரப் பயணம்

புக்கிட் மெர்தாஜாம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம், என் சர்க்கரையைத் தவிர.

வாத்தியார் போன சேதியை மணியம் சொல்லியிருப்பான். நான் முகம் பார்க்கவில்லைடா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ராத்திரி பத்து மணிக்குத் தகவல் வந்தது. கிள்ளானில் அவர் மகள் வீடு. மறுநாள் பதினொன்றுக்கு எடுக்கிறார்கள். "விடியக்காலை என் மைவி கார்லேயே போயிடலாம், வா" என்றான் மணியம். 350 கிலோமீட்டருக்குக் கிட்ட அவன் ஓட்டுகிற ஓட்டத்தில் யார் உட்காருவது? "நீ போ, நான் ஃப்ளைட்ல ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று வாய் விட்டேன்.

ஆறு மணிக்கு வீட்டை விட்டேன். விமான நிலையம் இருக்கும் பினாங்குத் தீவுக்குப் போகும் பாலத்தில் ஜாம். 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடப்பதற்குள் பாதி உயிர் போயிற்று. எட்டரை விமானம் ஒன்பது பத்துக்குத்தான் ஓடுபாதையை விட்டது. ஆகாயத்தில் இருந்தது நாற்பது நிமிடம். மீதி எல்லாமே தரையில்! டிக்கெட்டில் போட்டிருக்கும் அந்த ஒரு மணி நேரம், விமானம் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து இறங்கிய இடத்தில் போய் நிற்கும்வரைதானாம். அதற்கு முன்னும் பின்னும் நம் பாடு.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். இருபது ரிங்கிட் குறைவு என்று சுபாங் விமான நிலையத்தை விட்டுவிட்டு செப்பாங் விமான நிலையத்துக்கு டிக்கெட் எடுத்தேன். நம் பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து நேர்கோட்டில் சுபாங் 280 கிலோமீட்டருக்குள், செப்பாங் 325. வானத்தில் அந்த வித்தியாசம் சில நிமிடம்தான். சுபாங்குக்குப் போவது காற்றாடி விமானமாகவே இருந்தாலும் பெரிதாக ஒன்றும் பிந்தாது. இவ்வளவு குட்டித் தூரத்தில் ஜெட்டுக்கு ஏறி இறங்கவே நேரம் சரியாகிவிடும். ஆனால் இறங்கிய பிறகு? சுபாங்கிலிருந்து கிள்ளான் பக்கம். செப்பாங்கிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் வேலை நாளில்.

தெருமுனையில் டாக்சி திரும்பும்போது மணி பதினொன்று நாற்பது. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணியம் பத்துக்கே வந்து பாடை தூக்கவும் தோள் கொடுத்திருக்கிறான். "ஏரோப்ளேன் இறங்கிருச்சா?" என்றான். அடிக்கக் கை வந்தது. அப்புறம் அவனே என்னைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வாத்தியார் போட்ட மாட்டுக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? மாட்டைச் சேர்க்காமல் கூட்டிவிட்டு அன்றைக்கு நாம் மூன்று பேரும் முட்டி போட்டோமே. ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த நினைப்புதான். இந்த வயதிலும், தரையில் போகிற நேரத்தைச் சேர்க்காமல், மாட்டை விட்டுவிட்டுத்தான் கூட்டியிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா? உங்கள் ஜோகூர் செனாய் விமான நிலையத்திலிருந்து இங்கே ஆகாயத்தில் 550 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் என்று என்னிடம் அளக்காதே. மாசாயில் உன் வீட்டுக் கதவைப் பூட்டும்போது போன் போடு, நான் அப்போதே பாலம் ஏறிவிடுகிறேன்.

வாத்தியார் மகளிடம் நீ ஒரு வார்த்தை பேசு. "அண்ணன் ஏன் பிந்திட்டீங்க?" என்று அது சாதாரணமாகத்தான் கேட்டது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்,
ராமு