ரன் பெட்டியில் எங்களுக்காக நீங்கள் அடிக்கும் பெயர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தொலைபேசியில் உதவி கேட்கும்போது, "விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தை அழுத்துங்கள், வரும் பெட்டியில் நான் சொல்லும் எழுத்துகளை அடித்து என்டர் கொடுங்கள்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். அந்தப் பெட்டிதான் ரன் பெட்டி. புரியாத எழுத்துகளை அடித்தால் கணினிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சிலர் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கம் நல்லதுதான். எதற்குத் தயங்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விளக்கவே இந்த மடல்.

மெனு வழியாகவே சொல்லலாமே என்று கேட்கலாம். மெனு ஓரிடத்தில் நிற்பதில்லை. கணினியின் அமைப்புகளை மாற்றும் இடமான கன்ட்ரோல் பேனல் 1985இல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது செட்டிங்ஸ் என்று இன்னொன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 2015இல் விண்டோஸ் 10, 2021இல் விண்டோஸ் 11 என்று வரவர, பழைய இடத்தில் இருந்தவை ஒவ்வொன்றாகப் புதிய இடத்துக்குப் போகின்றன. சில இரண்டிலும் இருக்கின்றன. உங்கள் திரை தமிழில் இருந்தால் மெனுவின் பெயர்களே வேறு. ஆனால் நாங்கள் திறக்கச் சொல்லும் கருவியின் கோப்புப் பெயர் மட்டும் எல்லாப் பதிப்பிலும், எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

உதாரணத்துக்கு இணைய இணைப்பு. என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல் என்று அடித்தால் வைஃபை, கேபிள் என்று கணினியில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஒரே சன்னலில் வந்துவிடும். (பி என்று நாங்கள் சொல்வது பேப்பரின் பி.) சிபிஎல் என்று முடிபவை கன்ட்ரோல் பேனலின் துண்டுகள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32இல் கோப்புகளாக இருக்கின்றன. பெயரை அடிக்கும்போது அந்தக் கோப்பு நேரே திறக்கிறது, அவ்வளவுதான். திறந்ததால் எதுவும் மாறாது. உள்ளே போய் நீங்கள் மாற்றினால்தான் மாறும்.

ஒலி வரவில்லை என்றால் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி சிபிஎல். வேண்டாத மென்பொருளை நீக்க ஏ, பி, பி, டபிள்யூ, ஐ, இசட், புள்ளி சிபிஎல். எம்எஸ்சி என்று முடிபவை நிர்வாகக் கருவிகள். அவற்றில் நாங்கள் அதிகம் கேட்பது, கணினியில் உள்ள வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர்: டி, இ, வி, எம், ஜி, எம், டி, புள்ளி, எம், எஸ், சி. முதல் டி டாக்டரின் டி, கடைசி டி டைகரின் டி. உங்கள் கணக்கு நிர்வாகிக் கணக்காக இல்லாவிட்டால் இதில் பார்க்கத்தான் முடியும், மாற்ற முடியாது. அலுவலகங்களில் அப்படி வைத்திருப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

புதிய செட்டிங்ஸ் பக்கங்களுக்கும் இப்படி நேர்வழி உண்டு. எம்எஸ், சிறு கோடு, செட்டிங்ஸ், முக்காற்புள்ளி, அதன்பின் இடைவெளி விடாமல் விண்டோஸ்அப்டேட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அப்டேட் பக்கம் வரும். ரன் பெட்டிக்குப் பதில் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சன்னல்) அடிப்பதானால் முன்னால் ஸ்டார்ட் என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று: கீபோர்டு தமிழில் இருந்தால் இந்தப் பெயர்கள் எதுவும் வேலை செய்யாது. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ்பாரை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் மெனுவே உறைந்து, டாஸ்க்பார் காணாமல் போன நேரத்திலும் இந்தப் பெயர்கள் கைகொடுக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் புதிய டாஸ்க்கை ஓட்டும் வசதியைத் திறந்தால் இதே போன்ற பெட்டிதான்.

இனி, தயங்க வேண்டிய இடம். இந்த மடலில் எங்களுக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

2024இலிருந்து ஒரு மோசடி பரவலாக நடக்கிறது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை கிளிக்ஃபிக்ஸ் என்கிறார்கள். ஏதோ ஓர் இணையப் பக்கம், "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்" என்று சொல்லும். நீங்கள் பொத்தானைச் சொடுக்கிய கணத்திலேயே அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு நீளமான கட்டளையைக் காப்பி செய்து வைத்திருக்கும்; கன்ட்ரோல் வி அழுத்தினால் அது பெட்டியில் ஒட்டப்படும். ரன் பெட்டி சிறியது, கட்டளையின் ஒரு பகுதிதான் கண்ணுக்குத் தெரியும். தெரிகிற பகுதியில் "நான் ரோபோ இல்லை" என்பது போன்ற சாதுவான வாசகத்தை வைத்திருப்பார்கள். என்டர் கொடுத்ததும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல் இறங்கிவிடும். கட்டளையை ஓட்டியது நீங்களே என்பதால், கோப்பைப் பதிவிறக்கும்போது பிரவுசர் தரும் எச்சரிக்கைகூட இங்கே வராது.

ஆகவே ரன் பெட்டியில் எதையும் ஒட்டாதீர்கள். நாங்கள் சொல்லும் பெயர்கள் குட்டையானவை, கையால் அடிக்கக்கூடியவை, அவற்றில் இணைய முகவரி எதுவும் இருக்காது. எங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒட்டச் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எங்கள் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

இன்னொரு பழைய தந்திரம்: முன்பின் தெரியாதவர் அழைத்து, கணினியில் நடப்பவற்றின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார், அதிலுள்ள சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி வைரஸ் என்பார். நன்றாக ஓடும் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும்.

ஏற்கெனவே ஒட்டி என்டர் கொடுத்துவிட்டீர்களா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள்; பாஸ்வேர்டு இல்லாமலே கணக்குக்குள் நுழைய விடும் குக்கீகளையும் (பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு பதிவுகள்) இந்தத் திருட்டு நிரல்கள் திருடும். பிறகு எங்களை அழையுங்கள், எந்த நேரமானாலும் கூச்சப்பட வேண்டாம். ரன் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறிக்குள் கடைசியாக ஓட்டியவை பதிவாகியிருக்கும். அதை அழிக்காமல் விட்டுவைத்தால், உள்ளே வந்தது எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் கணினிப் பராமரிப்புக் குழுவினர்